தொடாமல் ஜெயித்த கோப்பை

சடுகுடுவைப் பற்றி யாராவது என்னிடம் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நம் மண்ணின் ஆட்டம், வீர ஆட்டம் என்கிறார்கள். இருக்கட்டும், நான் இல்லை என்று சொன்னேனா? ஆனால் என் அண்ணன் ஆடிய ஆட்டத்தை ஒரு சங்கம் வந்து பங்கு பிரித்துக் கெடுத்ததை நான் கண்ணால் பார்த்தவன். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான், யுத்தம் இன்னும் வரவில்லை. நாங்கள் நூம்பல் சேரி. பூந்தமல்லி ரஸ்தாவுக்குத் தெற்கே. ரஸ்தாவைத் தாண்டினால் வேலப்பஞ்சாவடி, அதற்கு அப்பால் கூவம் ஆறு. அந்தக் கூவத்தில்தான் குளித்தோம், அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். சொன்னால் இப்போது பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

மாசி பிறந்தால் ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கி, மணல் வெளியே வரும். அந்த மணலில் எங்களுக்கும் சென்னீர்குப்பத்துச் சேரிக்கும் வருஷா வருஷம் ஆட்டம். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் நைனா ஆடியிருக்கிறார், அவருடைய நைனாவும் ஆடியிருக்கிறார். கோப்பை கிடையாது, மாலை கிடையாது. ஜெயித்த சேரி, தோற்ற சேரியை அடுத்த மாசி வரைக்கும் வாய் ஓயாமல் கிண்டல் பண்ணலாம், அதுதான் பரிசு. லேசான பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு சேரிக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். மாமியார் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தவனுக்கு, சோறு போடும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் மானம் போய்விடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிடிபட்டவனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டால், பிடித்தவன்தான் உட்கார்ந்து விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட வேண்டும். வேறு ஆள் கை வைக்கக் கூடாது. நீவுகிறவன் திட்டிக்கொண்டே நீவுவான், படுத்திருக்கிறவன் திட்டிக்கொண்டே காலைக் கொடுப்பான். அந்த மணலில் அரை மணி நேரம் இப்படி ஒருத்தன் காலை ஒருத்தன் மடியில் வைத்துக்கொண்டு கிடப்பார்கள். பகை என்றால் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் அண்ணன் பாடிப் போகிற ஆள். நடுக்கோட்டைத் தாண்டி, ஒரே மூச்சில் சடுகுடு பாடிக்கொண்டே எதிராளிகளைத் தொட்டுவிட்டு மூச்சு முறியாமல் திரும்ப வேண்டுமே, அதில் அவனை அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. சாயங்காலம் காளவாயில் செங்கல் இறக்கிவிட்டு வந்து பாடினாலும் அவன் மூச்சு நீண்டுகொண்டே போகும். எதிரே சென்னீர்குப்பத்தில் அவனுக்கென்றே பிறந்தது போல ஒரு ஆள். பிடித்தால் உடும்புப் பிடி. அவன் வேறு யாரும் இல்லை, எங்கள் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன். நாங்கள் எல்லோரும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். தங்கச்சி புருஷன் என்று ஒரு நாளும் அவன் தயவு பார்த்ததில்லை. கல்யாணமான வருஷமே அண்ணனின் முட்டியைப் பெயர்த்து அனுப்பினான். அண்ணி இரண்டு பேரையும் திட்டித் தீர்த்துவிட்டு, ஒருத்தனுக்கு ஒத்தடம் கொடுத்தாள், இன்னொருத்தனுக்குச் சோறு போட்டாள்.

கடைசியாக ஒழுங்காக நடந்த மணல் ஆட்டத்தில், சாயும் வெயிலில், ஆட்டம் சரிக்குச் சரியாக நிற்கும்போது அண்ணன் பாடிப் போனான். மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். மச்சான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். அண்ணன் குப்புற விழுந்து, கையை நீட்டி, கோட்டைத் தொட்டேன் என்றான். மச்சான், விரல் கோட்டுக்கு வரவே இல்லை, மூச்சு அதற்கு முன்பே முறிந்துவிட்டது என்றான். மணலில் காலால் இழுத்த கோடு, இத்தனை பேர் உருண்டதில் எந்த இடத்தில் இருந்தது என்று யார் சொல்வது? சண்டை ஆகி, கடைசியில் அவர்கள் ஜெயித்ததாக முடிந்தது. அந்த வருஷம் முழுக்க அண்ணன் எங்கே போனாலும் சென்னீர்குப்பத்து ஆட்கள், கோடு நகர்ந்து போய்விட்டதா, இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அண்ணன் சிரிப்பது போலச் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால், அடுத்த மாசி வரட்டும் என்பது மட்டும்தான் அவன் வாயில் இருந்தது.

அடுத்த மாசிக்கு முன்னால் இருமல் வந்தது. முதலில் காளவாய்ப் புகை என்றோம். அந்தப் புகையில் வேலை செய்கிறவன் இருமாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிறகு ராத்திரியில் ஜுரம், உடம்பு இளைப்பு. அண்ணி பிடிவாதமாக மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் க்ஷயம் என்று சொல்லிவிட்டார்கள். பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும், ஓடக் கூடாது, புகையில் நிற்கக் கூடாது. பாலுக்கு எங்கே போவது? புகையில் நிற்காவிட்டால் கஞ்சிக்கு எங்கே போவது? அண்ணன் திரும்பி வரும் வழியில் அண்ணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான், மச்சானிடம் இதைச் சொல்லக் கூடாது என்று. என்னிடம் மட்டும் சொன்னான்.

"இந்த வருசம் மூச்சு கீதுடா. அடுத்த வருசம் இருக்குமோ இன்னாவோ. ஒரு வாட்டி அவன் கைல சிக்காம வந்துட்டேன்னா போதும்."

அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். உயிர் போகிறதே என்று அவன் அழுது நான் பார்க்கவில்லை. மச்சானோடு ஒரு ஆட்டம், மூச்சு இருக்கும்போதே. அவ்வளவுதான் கேட்டான்.

அந்த வருஷம் பார்த்துத்தானா சங்கம் வர வேண்டும்? பூந்தமல்லியில் ஒரு வக்கீல் இருந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஊர் சேரி வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று பட்டணத்திலிருந்து பேச்சு கிளம்பியிருந்த சமயம். எங்களுக்குப் புதிதாக ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள், எங்களைக் கேட்காமலே. வக்கீல் சுற்று வட்டாரத்துச் சடுகுடு செட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். எங்கள் சேரிக்கு நேரிலேயே வந்தார். எங்கள் குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். எல்லோரும் பார்க்கும்படி நிதானமாகக் குடித்தார். இனிமேல் எல்லோரும் ஒரே மைதானத்தில் ஆட வேண்டும் என்றார். எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கும்தான் சிலிர்த்தது.

பிறகுதான் விஷயம் வந்தது. ரஸ்தாவை நடுவில் வைத்து அவர் இரண்டு பிரிவு போட்டிருந்தார். வடக்கே இருப்பதெல்லாம் வடக்குப் பிரிவு, தெற்கே இருப்பதெல்லாம் தெற்குப் பிரிவு. நாங்கள் தெற்கு, சென்னீர்குப்பம் வடக்கு. எங்கள் பிரிவில் நாங்கள் ஒரு சேரி, மற்றதெல்லாம் ஊர்த்தெரு செட்டுகள். அவர்கள் பிரிவிலும் அப்படியே. பிரிவுக்குள் ஜெயித்து வருகிற இரண்டு செட்டும் கடைசி ஆட்டத்தில் மோத வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவன் வெளியே எங்கேயும் ஆடக் கூடாது, ஆடினால் செட்டையே நீக்கிவிடுவார்கள். எங்கள் ஆட்களில் வயதான ஒருத்தர், மணல் ஆட்டம் என்ன ஆகிறது சாமி என்று கேட்டார். அது உங்களுக்குள் ஆடுவதுதானே, இனிமேல் அதற்கு என்ன தேவை என்றார் வக்கீல். அவருக்கு அது ஒரு ஒதுக்கிவைத்த ஆட்டமாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அதுதான் ஆட்டம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் அன்றைக்கே அண்ணனிடம், சங்கமும் வேண்டாம் கிங்கமும் வேண்டாம், மாசியில் மணலில் ஆடிவிடலாம் என்றேன். அவன் மூச்சு எனக்குப் பயமாக இருந்தது. கேட்டானா? அவன்தான் சங்கத்தில் சேர வேண்டும் என்று முதலில் கை தூக்கினான்.

"மணல்ல ஆடுனா எவன் பாக்கறான்? நாமளும் அவனுங்களும்தான். கடசி ஆட்டத்துல சுண்ணாம்புல கோடு போடுவான். பிகில் ஊத ஆளு கீது. என் கை கோட்ட தொட்டுச்சா இல்லியான்னு இந்த வாட்டி மச்சான் பொய் சொல்லட்டும், பாக்கலாம்."

சென்னீர்குப்பத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டால், மச்சானும் அதையேதான் சொல்லியிருக்கிறான். எல்லோர் முன்னாலும் சுண்ணாம்புக் கோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று. இரண்டு சேரியும் சேர்ந்து மாசி ஆட்டத்தை விட்டோம். எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊர்க்காரர்கள் எங்களோடு ஆடுவார்கள், நாங்கள் அவர்களை ஜெயிப்போம், அவர்களும் சும்மா இருப்பார்கள் என்று நம்பினோம் பாருங்கள், அந்த முட்டாள்தனத்தை எங்களைப் போன்றவர்கள்தான் செய்ய முடியும்.

முதல் ஆட்டம் வேலப்பஞ்சாவடி மந்தைவெளியில். சாணி மெழுகினது போலத் தரையைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் பிகிலோடு நின்றார். நாங்கள் துவைத்த கோவணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றோம். எதிர்ப்பக்கம் யாரும் வரவில்லை. வருவார்கள், வருவார்கள் என்று டிரில் மாஸ்டர் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஏரிக்கரை மேலே கொஞ்சம் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் வர வேண்டிய செட்டு. ஆடுவதற்கு வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கேட்டதற்கு, இரண்டு பேருக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வராத செட்டு தோற்றதாக அர்த்தம், அதற்கு வாக்கோவர் என்று பெயர் என்றார் டிரில் மாஸ்டர். ஆனால் அப்படியே கொடுத்துவிட முடியாதாம். வந்த செட்டில் ஒருத்தன் சட்டப்படி எதிர்ப்பக்கம் ஒரு மூச்சு பாடிப் போய்த் திரும்ப வேண்டும், அப்போதுதான் ஜெயித்ததாக எழுத முடியும். எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவன் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிப் போனான். ஆளே இல்லாத பக்கத்தில் குனிந்தான், வளைந்தான், இடது பக்கம் பாய்வது போலக் காட்டி வலது பக்கம் திரும்பினான். எதிரே ஏழெட்டுப் பேர் நிற்பது போலவே ஆடினான். கரை மேலே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிகில் ஊதியது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

இரண்டாவது ஆட்டத்துக்கும் ஆள் வரவில்லை. அந்த ஊரில் திருவிழா என்றார்கள். மூன்றாவது செட்டு காரணம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் அந்தக் காலி இடத்துக்குப் பாடிப் போய்த் திரும்பினான். இரண்டாம் தடவை வளைவு நெளிவு எல்லாம் இல்லை, நேராகப் போய் நேராக வந்தான். மூன்றாம் தடவை வரும்போதே இருமினான். கோட்டைத் தாண்டி உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரும் பார்க்காதபடி துண்டைச் சுருட்டினான். நான் பார்த்தேன். இருக்கிற கொஞ்சம் மூச்சையும் இப்படி யாரும் இல்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் பாடிப் போகிறேன் என்றால் விடமாட்டான். செட்டுக்குத் தலைவன் அவன்தானாம், அவன்தான் போக வேண்டுமாம்.

வக்கீலுக்கு வருத்தம்தான். எங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்பது போலப் பேசினார். ஆனால் சட்டம் சட்டம் என்றார். ஒவ்வொரு வாக்கோவரும் ஒரு வெற்றி என்றார். எங்களுக்கு அதிலும் ஒரு ஆறுதல் இருந்தது. வடக்கே சென்னீர்குப்பத்து ஆட்களுக்கும் இதே கதைதான், அவர்களும் ஆடாமலே ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். அப்படியென்றால் கடைசி ஆட்டத்தில் நாங்களும் அவர்களும்தான். ஊர்க்காரன் எங்களைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கியதே எங்களைச் சேர்த்து வைக்கப் போகிறது என்று அண்ணன் சிரித்தான். அந்த ஒரு மாதம் அவன் முகத்தில் களை இருந்தது. அண்ணி எங்கேயோ கடன் சொல்லி முட்டை வாங்கிக் கொடுத்தாள். அவன் காளவாயில் பாதி நாள் வேலைதான் செய்தான். மூச்சைச் சேர்த்து வைக்கிறேன் என்பான்.

எங்கள் கணக்கை ஊர்க்காரர்களும் போட்டிருந்தார்கள். இரண்டு சேரி செட்டு, பூந்தமல்லி மைதானத்தில், பந்தல் போட்டு, மேலே ஒரு துரை உட்கார்ந்து பார்க்க ஆடுவதா என்று அவர்களுக்குப் பொறுக்கவில்லை. சென்னீர்குப்பத்துக்குக் கடைசிப் பிரிவு ஆட்டம் இருந்த அன்று காலையில், அவர்களுடைய ஆண்டை வீட்டிலிருந்து ஆள் வந்தது. கால்வாய் தூர் எடுக்க வேண்டும், ஆம்பிளைகள் அத்தனை பேரும் வா என்று. ஆண்டை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? குடிசை போட்டிருக்கிற மண் அவருடையது. மச்சான் போய், இன்று ஒரு நாள் விடுங்கள் ஆண்டே என்று கும்பிட்டிருக்கிறான். அதற்கு அவர், ஆட்டம் ஓடிப் போகாது, தூரை எடுத்துவிட்டுப் போ என்றிருக்கிறார். பொழுது சாய்ந்து அவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்தபோது, வராத செட்டு என்று எழுதி முடித்திருந்தார்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஊர்த்தெரு செட்டு நேரத்துக்கு வந்து நின்றிருந்தது.

மச்சான் அன்று இரவே நூம்பலுக்கு நடந்து வந்தான். அண்ணன் எதிரே உட்கார்ந்தான். மச்சானுக்கு இருமல் சத்தம் கேட்டது. உடம்புக்கு என்ன என்று கேட்டான். புகை என்றான் அண்ணன். அண்ணி அடுப்பு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி ஆட்டத்துக்கு வடக்குப் பிரிவிலிருந்து வந்தது அந்த ஊர்த்தெரு செட்டுதான். துரை வருகிறார் என்பதால் வராமல் இருக்க முடியவில்லை. வந்தார்கள், வரிசையாக நின்றார்கள், நல்ல திடகாத்திரமான ஆட்கள். சரி, இவர்களாவது ஆடட்டும் என்று நினைத்தோம். பிகில் ஊதியதும் அண்ணன் பாடிப் போனான். அவன் இரண்டு அடி வைப்பதற்குள் எதிரே நின்றவன் பின்னால் நகர்ந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே காலை வைத்தான். வெளியே கால் வைத்தால் அவுட். பக்கத்தில் நின்றவனும் வெளியே போனான். அதற்கு அடுத்தவனும். அண்ணன் கையை நீட்ட நீட்ட, அந்தக் கை படுவதற்கு முன்பே ஒவ்வொருத்தனாக வெளியே போய் நின்றுகொண்டான். அவர்கள் பக்கத்து ஆள் பாடி வரும்போதும் நடுக்கோட்டைத் தாண்டி ஓர் அடி வைத்தான், நாங்கள் பிடிக்கப் பாய்ந்தால் பக்கவாட்டில் குதித்து வெளியே போனான். ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. எங்கள் மேல் ஒரு விரல் படவில்லை. தோற்றுப் போனவர்கள் சிரித்துக்கொண்டே குளத்துப் பக்கம் நடந்தார்கள்.

துரை வக்கீலிடம் ஏதோ கேட்டார். வக்கீல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை கை தட்டினார். பந்தலில் இருந்தவர்களும் தட்டினார்கள். வக்கீல் அண்ணன் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கோப்பையைக் கொடுத்தார், அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு சரித்திரம் நடந்திருக்கிறது என்றார். அண்ணன் அந்தக் கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். சிவப்பாக வந்தது. கோப்பையைச் சேரிக் கோயிலில் கொண்டுபோய் வைத்தோம், யாரும் அதைத் தொடவே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இருக்காது. ஊர்ச் செட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளவே, சங்கம் பிரிவுகளைத் திரும்பவும் மாற்றியது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சேரி செட்டுகளுக்கெல்லாம் தனியாக ஒரு பிரிவு. நூம்பலும் சென்னீர்குப்பமும் ஒரே பிரிவில். எதை வேண்டாம் என்று அந்த வக்கீல் எங்கள் குடத்துத் தண்ணீரைக் குடித்தாரோ, அதையே சட்டம் போட்டுச் செய்தார்கள். வக்கீலே வந்து என்னிடம், உங்கள் பழைய ஆட்டம் திரும்பி வந்துவிட்டதே, சந்தோஷம்தானே என்று கேட்டார். அண்ணன் அதற்குள் மண்ணுக்குள் போய் மாசக்கணக்கு ஆகியிருந்தது. நான் அந்த மனிதரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். நான் நின்றிருந்தால் ஏதாவது கெட்ட வார்த்தை வந்திருக்கும். பிறகு பட்டாளத்துக்குப் போனேன், அங்கேதான் எழுத்தும் கற்றுக்கொண்டேன். சடுகுடு மட்டும் திரும்ப ஆடவில்லை.

கோப்பை வாங்கி வந்த பிறகு அண்ணன் ஒரு வாரம் படுத்துக் கிடந்தான். எழுந்ததும் முதல் வேலையாகச் சென்னீர்குப்பத்துக்கு ஆள் அனுப்பினான். சித்திரையில் மணலில் ஆடலாம், சங்கம் நீக்கினால் நீக்கட்டும் என்று. மச்சான் உடனே சரி என்றான். அண்ணி மட்டும் தரையில் உருண்டு அழுதாள். ஓடினால் செத்துப்போவாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஓடாவிட்டாலும் அதைத்தானே சொன்னார்கள் என்றான். நானும் தடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பாட்டுதான், அதற்கு மேல் போகமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

சித்திரை வெயில் இறங்கிய பிறகு ஆற்று மணலில் கூடினோம். சங்கத்துக்குத் தெரியக் கூடாது என்பதால் கூட்டம் இல்லை, ஆடுகிறவர்கள்தான். மச்சான் காலால் கோடு இழுத்தான். கோடு சரியாக இருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டான். அண்ணன் குனிந்து பார்த்து, சரி என்றான். சட்டையைக் கழற்றியபோதுதான் சென்னீர்குப்பத்து ஆட்கள் அவன் விலா எலும்பைப் பார்த்தார்கள். ஒருத்தன்கூட கிண்டல் பண்ணவில்லை. அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது.

அண்ணன் பாடிப் போனான். ஆரம்பம் பழைய மாதிரியே இருந்தது, என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்தனைத் தொட்டான். வளைந்து இன்னொருத்தனைத் தொட்டான். திரும்பும்போது பாட்டு கரகரத்தது. மச்சான் பாய்ந்தான், சரியாகக் கணுக்காலைப் பிடித்தான், அண்ணன் குப்புற விழுந்தான். கோடு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அண்ணன் கையை நீட்டி, மணலைப் பிறாண்டி, சடுகுடு சடுகுடு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அது பாட்டாகவே இல்லை, ஓட்டைத் துருத்தி ஊதுவது போல ஒரு சத்தம். இன்னும் ஒரு நொடி பிடித்திருந்தால் மூச்சு முறிந்திருக்கும், ஆட்டம் முடிந்திருக்கும்.

மச்சான் கையை எடுத்துவிட்டான்.

வழுக்கவில்லை, உதறிக்கொள்ளவில்லை. அவனே விரலைப் பிரித்தான், நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அண்ணன் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டின் மேல் கையை வைத்தான். சென்னீர்குப்பத்து ஆட்களே எங்களைப் பார்த்து, உங்களுக்குத்தான் ஜெயிப்பு, உங்களுக்குத்தான் என்றார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் குதிக்கவில்லை. அண்ணன் அப்படியே புரண்டு உட்கார்ந்தான். வாயோரம் ரத்தம். அதைத் துடைக்காமல் மச்சானைப் பார்த்தான்.

"போன வருசம்னா உட்டுருப்பியா மச்சான்?"

மச்சான் மணலையே பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்லியிருக்கலாம். அந்த மண்ணில் நின்று அவனுக்குப் பொய் வரவில்லை போலிருக்கிறது.

"கால ஒடிச்சிருப்பேன்."

அண்ணன் தலையை ஆட்டினான். என் தோளைப் பிடித்து எழுந்தான். ரஸ்தாவைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு மச்சான் எத்தனையோ தடவை வந்தான், கோழி கொண்டு வந்தான், பால் கொண்டு வந்தான். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். மச்சான் வாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவான். உன் உசுருக்குப் பயந்துதானே விட்டான், அதுக்கு ஒரு கோபமா என்று அண்ணி என் எதிரிலேயே சண்டை போட்டாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன பிறகு அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச வந்தது.

"ஊர்க்காரன் தொட மாட்டேன்னான். வக்கீலு கோப்பைய குட்த்து அழுதாரு. என்ன ஒரு ஆளா மதிச்சி மல்லுக்கு நின்னவன் அவன் ஒருத்தன்தாண்டா. அவனும் பாவம் பாத்துட்டான்."